வீட்டுப் பட்டறையும் ரேடியல் ஆர்ம் ரம்பமும்

அமெரிக்காவில் மரவேலையை ஓய்வுநேரத் துணையாகக் கொண்டவர்கள் நாலுபேர் கூடிய இடத்தில் ரேடியல் ஆர்ம் ரம்பத்தைப் பற்றிப் பேச்செழுந்தால், கூட்டம் உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். தம் தகப்பனார் வைத்துவிட்டுப்போன யந்திரத்தில் நாற்பது வருஷமாக அறுத்துவருவதாகவும், இதற்கு நிகரான சாதனம் இன்னும் பிறக்கவில்லை என்றும் ஒரு கட்சியார் சாதிப்பார்கள். அளவு நில்லாதது, விரலைக் காவு கேட்பது, பழைய இரும்புக்குப் போடத் தக்கது என்று மறு கட்சியார் அதே உறுதியோடு சொல்வார்கள். இரு தரப்பாரும் அனுபவத்தைக் கொண்டே பேசுகிறார்கள். இரு தரப்பாரும் பொய் சொல்லவில்லை. அவர்கள் அந்த யந்திரத்திடம் கேட்ட வேலை வேறு வேறு என்பதைக் கவனித்தால் இந்த விவாதத்தின் பெரும் பகுதி தானே அடங்கிவிடும் என்பது என் அபிப்பிராயம். ஆகவே இதை வாங்கலாமா, வாங்கினால் எப்படி உபயோகிப்பது என்ற கேள்விகளுக்குப் போகுமுன், இது எதற்காகப் பிறந்தது என்பதைப் பார்ப்பது நியாயம்.

நியூஜெர்ஸி மாகாணத்துப் பிரிட்ஜ்டன் என்ற ஊரில் மர அறுப்பு வேலையை மேற்பார்த்துவந்த ரேமண்ட் டிவால்ட் என்பவர், குறைந்த ஆட்களைக் கொண்டு அதிக மரம் வெட்டவேண்டிய நிர்ப்பந்தத்தில், 1922-ம் வருஷம் இதை உருவாக்கினார். மேஜையின் பின்புறத்தில் நாட்டிய இரும்புத் தூண்; தூணின் தலையிலிருந்து மேஜைக்கு மேலாக முன்னோக்கி நீளும் ஒரு கரம்; அந்தக் கரத்தைப் பற்றிக்கொண்டு பேரிங்குகளின் மேல் முன்னும் பின்னும் ஓடும் வண்டி; வண்டியிலிருந்து தொங்கும் கவை; கவைக்குள் ஒரு மோட்டார்; மோட்டாரின் தண்டிலேயே நேராக மாட்டிய வட்ட ரம்பத் தகடு: அமைப்பு இவ்வளவுதான். பெல்ட்டும் கப்பியும் கிடையா. கரத்தைத் தூணைச் சுற்றித் திருப்பினால் கோண வெட்டு. மோட்டாரைச் சாய்த்தால் சாய்வு வெட்டு. கவையையே கால் வட்டம் திருப்பிப் பூட்டினால் பலகையை நெடுக்கே பிளக்கும் வெட்டு. எட்டடி, பன்னிரண்டடி நீளமுள்ள சட்டங்களை ஆட்கள் தூக்கி ரம்பத்தின்மீது தள்ளிக்கொண்டிருந்த காலத்தில், மரம் கிடந்த இடத்தில் கிடக்க, ரம்பம் வந்து வெட்டிவிட்டுத் திரும்பிப் போகும் என்ற இந்த மாறுதல் சாமானியமானதன்று. டிவால்ட்டின் கம்பெனி பின்னர் பென்ஸில்வேனியாவின் லங்காஸ்டருக்குப் பெயர்ந்தது. 1949-ல் அமெரிக்கன் மெஷின் அண்ட் ஃபவுண்டரி வசமும், 1960-ல் பிளாக் அண்ட் டெக்கர் வசமும் சென்றது. இன்று நம் ஊர் ஹார்ட்வேர் கடைகளில் மஞ்சள் நிறத்தில் அடுக்கியிருக்கும் டிரில்லிங் மெஷின்கள் தாங்கியிருப்பது டிவால்ட்டின் பெயரைத்தான்; ஆனால் அந்த மஞ்சள் வரிசை 1992-ல் பெயரை மட்டும் எடுத்துப் புதிதாகத் தொடங்கியது.

இனி இந்த யந்திரத்தின் சுபாவத்தைப் பார்க்கலாம். குறுக்கு வெட்டில், மேஜையின் பின்பகுதியில் நிற்கும் தடுப்புச் சட்டத்தில் பலகையைச் சாய்த்து வைத்து, அதற்கும் பின்னால் காத்திருக்கும் ரம்பத்தை நம்மை நோக்கி இழுக்கிறோம். தகடு சுழலும் திசையானது, நம் பக்கத்துப் பற்கள் மேலிருந்து கீழே இறங்கி, அடியில் தடுப்புச் சட்டத்தை நோக்கிப் பின்னே போகும்படி அமைந்திருக்கிறது. அதனால் ஒவ்வொரு பல்லும் மரத்தை மேஜையோடு அழுத்தவும் தடுப்போடு சேர்க்கவும் செய்கிறது. ரம்பமே பலகையைப் பிடித்துக்கொள்கிறது என்று சொல்லிவிடலாம். ஆனால் இந்த உதவி இலவசமாகக் கிடைப்பதில்லை. மரத்தைப் பின்னே தள்ளும் அதே விசை, எதிர்வினையாக, தகட்டை முன்னே தள்ளுகிறது. பற்கள் மரத்தின்மீது ஏறி நடக்க முயல்கின்றன. கை தளர்ந்தால் வண்டி தானாகவே நம்மை நோக்கி ஓடிவரும். கனமான கட்டையானால் பாதியில் சிக்கி மோட்டார் நின்றுபோகும். இது ஜாக்கிரதையால் சமாளிக்கக் கூடிய குணம்.

நெடுக்கு வெட்டின் கதை வேறு. அங்கே தகடு ஓரிடத்தில் பூட்டப்பட்டிருக்க, பலகையை நாம் தள்ளுகிறோம். சுழற்சிக்கு எதிராகத்தான் தள்ளவேண்டும். அப்படித் தள்ளும்போது முதலில் மரத்தைச் சந்திக்கும் பற்கள் கீழிருந்து மேலே எழுபவை. ஆகவே பலகையை மேஜையிலிருந்து தூக்கவும், வந்த வழியே திருப்பி எறியவும் அவை முயல்கின்றன. தகட்டு மூடியின் மூக்கைப் பலகையை உரசும் அளவுக்குத் தாழ்த்துவதும், பின்புறத்தில் மரம் பின்வாங்காதபடி கவ்வும் கூரிய நகங்களை இறக்கிவைப்பதும் இதற்காகத்தான். இதைவிடப் பெரிய அபாயம் ஒன்றுண்டு: பலகையைத் தவறான பக்கத்திலிருந்து, அதாவது தகடு சுழலும் திசையோடு சேர்த்து உள்ளே விட்டால், தகடு அதைப் பிடுங்கி மறுபக்கம் அம்புபோல் எய்துவிடும், தள்ளிய கை பலகையோடு கூடவே போகும். தகடு மேஜைக்கு அடியிலிருந்து மேலே நீட்டியிருக்கும் மேஜை ரம்பத்தில் எந்தப் பக்கம் தள்ளுவது என்ற சந்தேகமே ஒருவருக்கு எழுவதில்லை; இங்கோ கவையை உள்பக்கம் திருப்பினால் ஒரு திசை, வெளிப்பக்கம் திருப்பினால் நேர் எதிர்த் திசை. மனிதனுடைய ஞாபகத்தை நம்பி நிற்கும் பாதுகாப்பு எவ்வளவு பலவீனமானது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

அப்படியானால், குறுக்கு வெட்டுக்கென்று பிறந்த ஒரு யந்திரம் எல்லா வேலைக்குமாக எப்படி ஆயிற்று? இரண்டாம் உலக யுத்தம் முடிந்து சிப்பாய்கள் வீடு திரும்பியதும், லெவிட்டவுன் போன்ற புறநகரங்கள் எழுந்ததும், புதுவீட்டுக்காரர்கள் தங்கள் நிலவறையிலும் காரேஜிலும் பட்டறை வைக்கத் தொடங்கியதும் சரித்திரப் பிரசித்தம். இடம் குறைவு, பணம் குறைவு, ஆசை மட்டும் அதிகம் என்ற அந்த வாடிக்கையாளருக்கு, ஒரே யந்திரத்தில் முழுப் பட்டறை என்ற வாக்குறுதியைவிட இனிமையானது வேறென்ன இருக்கமுடியும்? டிவால்ட் கம்பெனி தன் சிறு ரம்பத்துக்குப் பவர் ஷாப் என்றே நாமகரணம் செய்தது. வாலி கன்கல் என்ற செயல்முறைக்காரர், மிஸ்டர் ஸாடஸ்ட் என்ற பட்டப்பெயரோடு, கடைகளிலும் கண்காட்சிகளிலும் ஜனங்கள் நடுவே நின்று இந்த ரம்பத்தை வித்தைபோல் இயக்கிக் காட்டினார். பிற்காலத்தில் இதைப் பற்றி அவர் எழுதிய நூலை இன்றும் இதன் பக்தர்கள் வேதமாகக் கொண்டாடுகிறார்கள். அவருடைய கையில் அது சகலமும் செய்தது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வாங்கினவர் வீட்டுக்கு யந்திரம்தான் போயிற்று; கை போகவில்லை.

துளைபோடும் சக்கு, உப்புக்காகித உருளை, அலங்கார விளிம்பு செதுக்கும் கத்தித்தலை, ரூட்டர் பிட் என்று துணைக்கருவிகள் பெருகின. இவற்றில் பெரும்பாலானவை பிரயோஜனமற்றவை என்பதற்கு ஒரே கணக்குப் போதும். அமெரிக்க 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இந்த மோட்டார் நிமிஷத்துக்குச் சுமார் 3,450 சுற்றுச் சுற்றுகிறது. ரூட்டர் பிட் வழவழப்பாகச் செதுக்கவேண்டுமானால் 20,000 சுற்றை ஒட்டிய வேகம் வேண்டும். விளம்பரப் படத்தில் அழகாக இருந்த விளிம்பு வீட்டில் பிசிறு பிசிறாக வந்ததில் ஆச்சரியமில்லை. விதிவிலக்காக, பல தகடுகளை அடுக்கி மாட்டிக் காடி வெட்டுவது மட்டும் இதற்கு மிகப் பொருத்தமான வேலை; அலமாரிப் பக்கப்பலகையில் தட்டுகள் உட்காரும் காடிகளை வரைந்த கோட்டைக் கண்ணால் பார்த்துக்கொண்டே வெட்டும் சௌகரியம் மேஜை ரம்பத்தில் கிடையாது; அங்கே வெட்டு பலகைக்கு அடியில் மறைந்து நடக்கிறது.

சந்தை பெருகியபின் விலைப்போட்டி வந்தது. விலைப்போட்டி வந்தபின் வார்ப்பிரும்பு மெலிந்தது. ஸியர்ஸ் கடைகள் கிராஃப்ட்ஸ்மன் என்ற பெயரில் எமர்ஸன் கம்பெனி தயாரித்த ரம்பங்களை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தன. 2000-ம் வருஷம் நவம்பரில், 1958 முதல் 1992 வரை விற்ற ஏறக்குறைய 37 லட்சம் ரம்பங்களுக்கு, தகடு முழுவதையும் மறைக்கும் மூடி இல்லை என்ற காரணத்தால், அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தோடு சேர்ந்து எமர்ஸன் திருத்த அறிவிப்பு வெளியிட்டது. பொருத்தக்கூடிய மாடல்களுக்குப் புது மூடியும் மேஜையும் இலவசம். பொருத்த இயலாதவற்றுக்கு, குறித்த பாகத்தைத் திருப்பி அனுப்பினால் 100 டாலர். இதற்குள் 1980-களின் பிற்பகுதியில் வந்த சறுக்கு மைட்டர் ரம்பம், ஒரு கையால் தூக்கிச் செல்லும் உருவத்தில் குறுக்கு வெட்டு வேலையின் பெரும் பங்கை எடுத்துக்கொண்டது. இன்று அயோவா மாகாணத்துப் பிரிட் நகரில் ஒரிஜினல் ஸா கம்பெனியும், இத்தாலியில் ஓம்கா, மாஜி முதலானவையும் இந்த ரம்பங்களைச் செய்கின்றன. ஆனால் அவை தொழிற்சாலைகளுக்கானவை, விலையும் அதற்கேற்றது. வீட்டுப் பட்டறைக்காரர் வாங்குவதென்றால் பழையதைத்தான் வாங்கவேண்டும்.

பழையதில் எது? 1950-களின் டிவால்ட், குறிப்பாக எம்பிஎஃப், ஜிடபிள்யூஐ என்று பொறித்தவை, கரமும் தூண்பீடமும் கனத்த வார்ப்பிரும்பால் ஆனவை. அவற்றைத் தேடி அலைவோருக்கு நான் மறுப்புச் சொல்லமாட்டேன். எழுபதுகளுக்குப் பிந்திய மலிவு மாடல்களை இனாமாகக் கொடுத்தாலும் யோசித்தே வாங்கவேண்டும். பெயரைவிடப் பரீட்சை முக்கியம். கரத்தைப் பூட்டிவிட்டு, அதன் முன்முனையைக் கையால் பிடித்து இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். தூணும் கரமும் சேரும் இடத்தில் மயிரளவு ஆட்டம் இருந்தாலும், முன்முனையில் அது பெருகிக் கைக்குத் தெரிந்துவிடும். இறுக்கும் திருகுகளைச் சரிசெய்து போகும் ஆட்டமானால் பாதகமில்லை. போகாததானால் விட்டுவிடுவதே நலம். வண்டியை மெதுவாகக் கோடிக்குக் கோடி ஓட்டினால், பேரிங்கில் தட்டையான இடமோ தடத்தில் குழியோ இருக்குமிடத்தில் கை ஒரு சிறு தடுக்கலை உணரும். உயர்த்தித் தாழ்த்தும் கைப்பிடியை மேலும் கீழும் சுற்றிப்பாருங்கள்; துருவேறிய தூண் பாதியில் முரண்டு பிடிக்கும். மூடி, நகங்கள் இரண்டும் இருக்கின்றனவா என்று கவனிக்கவேண்டும். கிராஃப்ட்ஸ்மன் ஆனால் மாடல் எண்ணைப் பார்த்து, திருத்த அறிவிப்பில் சேர்ந்ததா, புது மூடி ஏறியிருக்கிறதா என்று விசாரிக்காமல் காசு கொடுக்கலாகாது.

அமெரிக்காவில் பல வருஷம் இருந்துவிட்டுச் சாமான்களோடு ஊர் திரும்பும் நம்மவர்களில் சிலருக்கு இப்படிப்பட்ட கனத்த யந்திரத்தையும் கப்பலேற்றும் ஆசை வருவதுண்டு. அவர்களுக்காக ஒரு வார்த்தை. மோட்டார் இரட்டை வோல்ட்டேஜ் கொண்டதாயிருந்து 240-க்கு இணைப்பை மாற்றிக்கொள்ள முடிந்தாலும், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பது மாறப்போவதில்லை. அதே மோட்டார் இங்கே 2,850 சுற்றை ஒட்டியே சுற்றும்; வேகம் குறைவது மட்டுமல்லாமல், அதிர்வெண் குறைந்த மின்சாரத்தில் மோட்டாரின் இரும்பு உள்ளகம் அதிகமாகக் காந்தமேறி, அளவுக்கு மீறிச் சூடேறும். விலையைவிடக் கப்பல் கூலி மிகும் ஒரு பொருளை இந்தக் குறையோடு கொண்டுவருவது எனக்குச் சரியாகப் படவில்லை.

வாங்கி வந்தாயிற்று, உடனே அறுக்கத் தொடங்குகிறவர்தான் மறுநாள் அளவு நில்லாத யந்திரம் என்று ஏசுகிறவர். இந்த ரம்பத்தில் திரும்புவதும் சாய்வதும் பூட்டுவதுமான மூட்டுகள் பல. ஒவ்வொன்றையும் அதன் இடத்தில் நிறுத்தினாலன்றி வெட்டு நேராகாது. நிறுத்துவதற்கு ஒரு வரிசையுண்டு, வரிசை தவறினால் முன் செய்தது வீணாகும். முதலில் மேஜை. தகட்டைக் கழற்றிவிட்டு, மோட்டாரின் தண்டு கீழ்நோக்கும்படி சாய்த்துப் பூட்டி, தண்டின் நுனிக்கும் மேஜையைத் தாங்கும் இரும்புச் சட்டங்களுக்கும் நடுவே ஒரு மெல்லிய தகட்டுத் துண்டை நுழைத்து, கரத்தை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குத் திருப்பியும் வண்டியை முன்னும் பின்னும் ஓட்டியும், எங்கும் அந்தத் துண்டு ஒரே மாதிரி உரசி நகரும்வரை சட்டங்களை ஏற்றி இறக்கவேண்டும். மேஜை தரைக்கு மட்டமா என்பது இங்கே கேள்வியே அல்ல. கரத்தின் ஓட்டத்துக்கு மட்டமா என்பதே கேள்வி.

அடுத்து, கரம் தடுப்புச் சட்டத்துக்குச் செங்குத்தாக ஓடுகிறதா என்பது. பெரிய மூலைமட்டத்தின் ஒரு காலைத் தடுப்போடு ஒட்டவைத்து, தகட்டின் ஒரு பல்லைச் சாக்கட்டியால் குறித்து, அந்தப் பல் மட்டத்தின் மறுகாலைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி அமைத்து, மின்சாரத்தைத் துண்டித்த நிலையில், வண்டியைக் கையால் இழுத்து வரவேண்டும். ஓட்டம் முழுதும் பல் அதே மெல்லிய சத்தத்தோடு இரும்பைக் கீறிக்கொண்டு வந்தால் சரி. நடுவில் சத்தம் அற்றுப்போனாலும், மட்டத்தை அது தள்ளத் தொடங்கினாலும், கரம் கோணல். இதற்குப்பின் ஓர் அகலமான பலகையைக் குறுக்கே வெட்டி, ஒரு துண்டைப் புரட்டிப்போட்டு, இரண்டையும் தடுப்பை ஒட்டியபடியே வெட்டுவாய்களைச் சேர்த்துப் பார்த்தால், கண்ணுக்கு எட்டாத பிழையும் இரட்டிப்பாகி ஒரு வெளிச்சக் கீற்றாகத் தெரிந்துவிடும்.

கடைசியும், பெரும்பாலோர் விட்டுவிடுவதுமான திருத்தம், தகடு தான் ஓடும் திசைக்கு இணையாக நிற்கிறதா என்பது. கரம் நேராக ஓடினாலும் கவை ஓர் இம்மி திரும்பியிருந்தால், தகட்டின் முன்பற்கள் போட்ட தடத்தில் பின்பற்கள் போகாமல் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டு போகும். வெட்டின் ஒருபக்க விளிம்பு மட்டும் சிலும்பு சிலும்பாக எழுவதும், வெட்டுவாயில் வில்போன்ற கீறல்கள் விழுவதும், ஈரமற்ற மரத்திலும் கருகல் நாற்றம் வருவதும் இதன் அடையாளங்கள். தகடு மழுங்கிவிட்டது என்று எண்ணிச் சாணைக்கு அனுப்புகிறவர்கள் அனேகர். குற்றம் தகட்டில் இல்லை.

கம்பெனி கொடுத்த மேஜை பெரும்பாலும் வளைந்தோ கீறுண்டோ கிடக்கும். புதிதாகச் செய்துகொள்வதே உத்தமம். இரண்டு ப்ளைவுட் பலகைகளுக்கு நடுவே இரும்புப் பட்டைகளை விளிம்பு நிமிர்ந்த நிலையில் பதித்து ஒட்டும் கன்கலின் முறை நல்ல முறை. அதன்மேல் வெட்டுத்தடங்கள் விழுவதற்கென்றே ஒரு மெல்லிய பலகையை ஆணியடித்துவைத்தால் தேய்ந்தபோது மாற்றிக்கொள்ளலாம். தடுப்புச் சட்டமும் அப்படியே. அது விலை குறைந்த மரத்தில், கணக்கின்றிச் செலவாகவேண்டிய பொருள்.

தகட்டைத் தேர்வதில் மட்டும் சிக்கனம் கூடாது. மேஜை ரம்பத்தில் நெடுக்கே பிளக்கும் தகட்டின் பற்கள் முன்னோக்கி 20 டிகிரி வரை வளைந்து கவ்வும். அதை இங்கே மாட்டினால் தகடு மரத்தின்மீது ஏறி ஓடும் குணம் பன்மடங்காகும். பற்களின் முன்சாய்வு பூஜ்யமாகவோ, சற்றே பின்சாய்ந்தோ உள்ள 60 பல் தகடு, 10 அங்குல விட்டத்தில், வேண்டும். இந்த ஒரு மாறுதலே யந்திரத்தின் சுபாவத்தைச் சாதுவாக்கிவிடுகிறது. மூர்க்கம் என்று தூற்றப்பட்ட எத்தனையோ ரம்பங்கள் பொருந்தாத தகட்டால் அந்தப் பெயரைச் சம்பாதித்தவை. இதோடு, தாங்கியின் முன்கால்களுக்கு அடியில் மெல்லிய கட்டை கொடுத்து யந்திரம் முழுவதையும் சிறிது பின்சாய்த்து வைப்பது அவசியம். விட்ட கையோடு வண்டி முன்னே உருளாமல் தூணை நோக்கி மெல்லத் திரும்பவேண்டும் என்பதற்காக, அமெரிக்கத் தொழிற்சாலைப் பாதுகாப்பு விதிகளிலேயே இது எழுதப்பட்டிருக்கிறது.

வெட்டும்போது இடக்கை தகட்டின் பாதையிலிருந்து எட்டு அங்குலமாவது விலகி, பலகையைத் தடுப்போடு அழுத்திப் பிடிக்கட்டும். அந்த இடைவெளி கிடைக்காத சிறு துண்டுகளை இந்த யந்திரத்தில் வெட்டவே கூடாது. வலக்கையை முழங்கை மடங்காமல் விறைப்பாக வைத்து, வண்டியை இழுப்பதைவிட அதன் ஓட்டத்தைத் தடுத்து நடத்துவதாக எண்ணிக்கொள்ளவேண்டும். கைகள் ஒன்றின் குறுக்கே ஒன்று ஒருகாலும் வரக்கூடாது. துண்டு வலப்பக்கம் இருந்தால் கைகளை மாற்றி, இடக்கையால் இழுக்கப் பழகவேண்டும். வெட்டி முடிந்ததும் தகட்டைத் தடுப்புக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டே மரத்தைத் தொடவேண்டும்.

சறுக்கு மைட்டர் ரம்பம் இருக்க இதெல்லாம் எதற்கு என்று கேட்பவருக்குப் பதில் உண்டு. அகன்ற பலகை, கனத்த கட்டை, காடி, ஒரே அளவில் பல துண்டுகள் என்ற வேலைகளில் பழைய வார்ப்பிரும்பின் அமைதி அந்தச் சிறு யந்திரத்துக்கு இல்லை. சத்தமும் அதில்தான் அதிகம். மேஜை ரம்பத்துக்கு நாற்புறமும் இடம் வேண்டும்; இதையோ சுவரில் சாய்த்துவைத்து, இருபுறமும் நீண்ட திண்ணைபோல் மேஜை கட்டிவிட்டால், பதினாறடிச் சட்டமும் அசையாமல் கிடந்து அறுபடும். ஆனால் மேஜை ரம்பம் இல்லாத பட்டறைக்கு முதல் யந்திரமாக இதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். நெடுக்கு வெட்டு என்ற ஆசையை இது எப்போதும் கையருகிலேயே வைத்திருக்கிறது. இரண்டாவதாக வாங்குகிறவர், கவையை வெட்டுத் திசையில் சரியாக நிறுத்தியவுடன், அதைத் திருப்பும் கைப்பிடியைக் கழற்றி எடுத்துப் பெட்டிக்குள் போட்டுவிடலாம். காடியும் குறுக்கு வெட்டும் செய்ய அந்தக் கைப்பிடி வேண்டியதில்லை.